பவளத் தொட்டியில் கணக்கு எங்கே உதைக்கிறது?

பவளமும் மீனும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடியைக் காலையில் காந்தத் துடைப்பானால் பளிச்சென்று தேய்த்துவிட்டுப் போகிறோம். மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் பழுப்புப் படலம் மறுபடி ஏறியிருக்கிறது. பாறை மேல் தலைமயிர் போலப் பச்சைப் பாசி. கொண்டுவந்தபோது நீலமும் ஊதாவுமாக மின்னிய அக்ரோபோரா பவளம் மரப்பட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. தண்ணீர் மட்டும் தெளிவாகத்தான் இருக்கிறது. சோதித்தால் நைட்ரேட் 40 பிபிஎம் (லிட்டருக்கு 40 மில்லிகிராம்), பாஸ்பேட் 0.4. பதறிப்போய்ப் பாதித் தண்ணீரை மாற்றுகிறோம். சில வாரங்களில் இரண்டு எண்ணும் பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

ரீஃப் தொட்டி வைத்திருப்பவர்கள் பலர் இந்தக் கட்டத்தில்தான் "என்ன செய்தாலும் இறங்கமாட்டேன் என்கிறதே" என்று கையை விரிப்பார்கள். இறங்காததற்குக் காரணம் இருக்கிறது. சோதனைக் குப்பியில் தெரிவது அன்றைய கையிருப்பு. தினமும் எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு, பாறைக்குள் பழைய பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது. தமிழில் 'சத்து' என்றாலே நல்லது என்று பழகிவிட்டோம். இங்கே தொல்லையே சத்துதான், அதிலும் குறிப்பாக நைட்ரஜனும் பாஸ்பரசும்.

வரவிலிருந்து தொடங்குவோம். ஒரு கிராம் உலர் மீன் உணவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி புரதம் என்று வைத்தால், புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் 80 மில்லிகிராம் நைட்ரஜன் கிடைக்கிறது. அத்தனையும் கடைசியில் நைட்ரேட்டாக மாறினால், கூடச் சேரும் ஆக்சிஜன் எடையோடு ஏறக்குறைய 354 மில்லிகிராம். 100 லிட்டர் தொட்டியில் இது 3.5 பிபிஎம். உணவில் பாஸ்பரஸ் ஒரு சதவீத அளவில் இருக்கும் என்று கொண்டால் 10 மில்லிகிராம், பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் 30 மில்லிகிராம், அதாவது 0.3 பிபிஎம். திறந்த கடலின் பவளத்திட்டு நீரில் பாஸ்பேட் 0.01, 0.02 என்ற அளவில்தான் இருக்கும். ஒரு சிட்டிகை உணவு, கடல் நீரில் இருப்பதைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல் பாஸ்பேட்டைக் கொண்டுவந்து கொட்டுகிறது. மீன் வளர்வதற்கு எடுத்துக்கொள்வதும் வடிகட்டியில் பிடிபடுவதும் போக மீதிதான் நீரில் சேரும் என்றாலும், மடங்கு மடங்குதான். மீன் கழிவு கடலில் கரைத்த பெருங்காயம். தொட்டியில் அது எங்கும் போவதில்லை.

உறைந்த உணவை அலசிப் போட்டால் பாஸ்பேட் பிரச்சினை தீரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அலசுவதில் தப்பில்லை, பலன்தான் சொற்பம். பாஸ்பரசின் பெரும்பகுதி இறாலின், மீனின் சதைக்குள்தானே இருக்கிறது! மீன் அதைத் தின்றுவிட்டு நீரில்தான் விடப்போகிறது. உணவின் அளவைக் குறைத்தால் வரவு குறையும். ஆனால் மீன்களைப் பட்டினி போட்டு எண்ணைக் குறைப்பது என் கணக்கில் தோல்வி. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குப் போட்டு, தரையில் விழுந்து மட்க எதுவும் மிஞ்சாமல் பார்த்துக்கொண்டால் வரவுப் பக்கத்தில் செய்யவேண்டியதைச் செய்தாயிற்று. நிரப்பும் நீர் ஆர்.ஓ./டி.ஐ. நீராக (கரைந்த உப்புகளை வடிகட்டி நீக்கிய நீர்), டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டுவதாக இருக்கவேண்டும் என்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த வடிகட்டியின் பிசின் தீர்ந்து மாதமாகியும் மாற்றாதவர்கள்தான் "எங்கிருந்து வருகிறது" என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

இனி செலவு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக்கும், வேறு சில அதை நைட்ரேட்டாக்கும். இது ஆக்சிஜன் உள்ள இடத்தில் நடப்பது. லைவ் ராக் எனப்படும், நுண்ணுயிர்கள் குடியேறிய பாறையின் உள்துளைகளிலும் ஆழமான மணலின் அடியிலும் ஆக்சிஜன் தீர்ந்துபோன இடங்கள் இருக்கும். அங்கே வாழும் பாக்டீரியாக்கள் சுவாசிப்பதற்கு நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு, மீதியை நைட்ரஜன் வாயுவாக விட்டுவிடும். குமிழியாகக்கூடக் கண்ணில் படாமல் அது காற்றோடு போய்விடும். பிரான்ஸைச் சேர்ந்த ழான் ஜோபேர் மணற்படுகைக்கு அடியில் நீர் மட்டும் நிற்கும் இடைவெளி விட்டு அமைத்த முறை இந்த வேலையை நம்பித்தான் எழுந்தது. நல்ல பாறையும் போதிய நீரோட்டமும் உள்ள பழைய தொட்டி, நைட்ரேட்டைத் தானே ஓரளவு சமாளிப்பது இதனால்தான்.

பாஸ்பரசுக்கு இந்த வசதி கிடையாது. அதற்கு வாயு வடிவம் என்று எதுவும் தொட்டியில் இல்லை. உள்ளே போட்ட பாஸ்பரஸ் மீனின் உடலாக, பாசியாக, பாக்டீரியாவாக, சகதியாக, பாறையில் ஒட்டியதாக ஏதோ ஒரு உருவில் உள்ளேயே இருக்கும். நாம் கையால் எடுத்து வெளியே போட்டால் ஒழியப் போகாது. ஒரே உணவிலிருந்து வந்த இரண்டில் ஒன்றுக்கு இரண்டு வாசல், இன்னொன்றுக்கு ஒன்றே ஒன்று. நைட்ரேட் 2 பிபிஎம்மில் அழகாக நிற்கும் தொட்டியில் பாஸ்பேட் 0.5க்கு ஏறியிருப்பதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் இந்த வேறுபாட்டை யோசித்தால் குழப்பம் பாதி தீரும்.

சரி, தண்ணீர் மாற்றினால்? வாரம் 2 பிபிஎம் நைட்ரேட் ஏறும் தொட்டியில் வாரந்தோறும் 10 சதவீத நீரை மாற்றுகிறோம் என்று கொள்வோம். அளவு 20 பிபிஎம்மை எட்டும்போது 10 சதவீத மாற்றம் 2 பிபிஎம்மை எடுக்கும். அடுத்த வாரம் அந்த 2 மறுபடி சேரும். அங்கேயே நின்றுவிடும், ஆண்டுக்கணக்கில் மாற்றினாலும் மாற்றுவதற்கு முன் 20, மாற்றியபின் 18. வாரம் 20 சதவீதம் மாற்றினால் 10இல் நிற்கும். புதிதாக எதுவுமே சேராத கற்பனைத் தொட்டியில்கூட, 40இலிருந்து 5க்கு வர 20 சதவீத மாற்றம் ஒன்பது, பத்து முறை தேவை. நீர் மாற்றம் வீண் என்று சொல்லவில்லை. சிறு தனிமங்களைச் சமன்செய்ய, சகதியை உறிஞ்சி எடுக்க அதைப்போல வேறில்லை. ஏறிய நைட்ரேட்டை இறக்குவதற்கு அதை மட்டும் நம்பினால் வாளி தூக்கியே முதுகு போய்விடும்.

பாஸ்பேட்டில் இந்தக் கணக்கு இன்னும் மோசமாக உதைக்கும். காரணம், கல். லைவ் ராக்கும் அரகொனைட் மணலும் கால்சியம் கார்பனேட். அதன் மேற்பரப்பில் பாஸ்பேட் நன்றாக ஒட்டும். நீரில் பாஸ்பேட் கூடும்போது கல் வாங்கி வைத்துக்கொள்ளும், குறையும்போது திருப்பிக் கொடுக்கும். இரண்டு வருடம் 0.4இல் ஓடிய தொட்டியில், நீரில் கரைந்திருப்பதைவிடப் பல மடங்கு கல்லிலும் மணலிலும் இருக்கும். பாதி நீரை மாற்றி 0.2க்கு இறக்கினால் கல் தன் கையிலிருப்பதை அவிழ்த்துவிட்டு மறுபடி 0.4ஐ நோக்கி இழுக்கும். சோதனைக் கிட் பொய் சொல்லவில்லை, நீர் மாற்றமும் பழுதில்லை. பழைய கடன் வசூலுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். முன்பு வேறு தொட்டியில் இருந்த காய்ந்த பாறையைக் கொண்டுவந்து புதுத் தொட்டி தொடங்குகிறவர்கள் மீன் விடுவதற்கு முன்பே பாஸ்பேட் ஏறுவதைப் பார்ப்பதும் இதனால்தான்.

வெளியே எடுக்கும் கருவிகளில் எல்லோரும் முதலில் நினைப்பது ஸ்கிம்மர், அதாவது நீரில் நுண்குமிழிகளை ஊதி அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி. புரதம், கொழுப்பு போன்ற கரிமப் பொருள்களின் ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை நீரை வெறுக்கும். நுண்குமிழிகளின் மேற்பரப்பு அவற்றுக்கு ஒட்டிக்கொள்ள வாகான இடம். நுரையோடு மேலேறிக் கோப்பையில் விழும் கரும்பச்சை நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு அதன் பயன் புரிந்துவிடும். அது மட்கி நைட்ரேட்டாவதற்கு முன்பே வெளியேறிய சரக்கு. ஆனால் ஏற்கெனவே நைட்ரேட்டாக, பாஸ்பேட்டாகக் கரைந்துவிட்டதை ஸ்கிம்மர் பிடிக்காது. கரைந்த கரிமப் பொருளிலும் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். நீரை வடிகட்டும் துணிப்பையான ஃபில்டர் சாக் விஷயமும் இப்படித்தான். கழிவை அது பிடித்து வைக்கிறது, வெளியேற்றுவதில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை கழற்றிக் கழுவினால்தான் அது செலவு. இரண்டு வாரம் அப்படியே விட்டால் பிடித்ததெல்லாம் அங்கேயே மட்கி நீருக்குத் திரும்பும். நத்தை, நண்டு எல்லாம் பாசியைத் தின்று அதைக் கழிவாக மாற்றும். பாசி கண்ணுக்கு மறையும், பாஸ்பரஸ் போகாது.

எனக்குப் பிடித்த வழி பாசியைப் பாசியால் வெல்வது. சம்பில் (பெரிய தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டி) ஒரு அறையை ஒதுக்கி, கீட்டோமார்ஃபா என்ற நூல்பந்து போன்ற பாசியைப் போட்டு, மேலே பலமான விளக்கு வைத்தால் அது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சிப் பருக்கும். கைப்பிடி கைப்பிடியாக அறுத்து வெளியே எறிவதுதான் அசல் ஏற்றுமதி. தொட்டி விளக்கு அணைந்திருக்கும் இரவில் இந்த விளக்கை எரியவிட்டால், இரவில் விழும் பிஹெச்சையும் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். அறுக்காமல் விட்டால் அடிப்பாகம் இருளில் அழுகி, எடுத்ததைத் திருப்பிக் கொட்டிவிடும். காலெர்ப்பா இனம் இதைவிட வேகமாக வளரும், ஆனால் சில சமயம் ஒரே இரவில் இனப்பெருக்கத்துக்குப் போய் உடலில் இருந்ததையெல்லாம் நீரில் கொட்டி வெளுத்துப்போகும். அதனாலேயே நான் அதைத் தொடுவதில்லை. கரடுமுரடான திரையில் நீரை வழியவிட்டுப் பாசிப்புல் வளர்த்துச் சுரண்டி எடுக்கும் முறை ஒன்றும் உண்டு. ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி வளர்த்தெடுத்த அந்தப் 'பாசித் திரை' இன்றும் சின்னச் சின்ன மாற்றங்களோடு பலர் சம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது பாக்டீரியாவுக்குத் தீனி போடுவது. கேட்க விநோதமாக இருக்கும்: வோட்காவோ வினிகரோ சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடுகிறார்கள். நீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும் நிறைய இருந்தும் பாக்டீரியா பெருகாததற்குக் காரணம், உடனே தின்னக்கூடிய கரிமம் இல்லாதது. அதைக் கொடுத்தால் அவை மளமளவென்று பெருகி இரண்டையும் தம் உடலில் கட்டிக்கொள்ளும். ஸ்கிம்மர் அவற்றைப் பிடித்து வெளியே தள்ளும், பவளங்களும் கடற்பஞ்சுகளும் கொஞ்சம் தின்னும். 1 மில்லி வோட்காவுக்குச் சுமார் 8 மில்லி சாதாரண 5 சதவீத வெள்ளை வினிகர் ஈடு. பொறுமையில்லாதவர்கள் அடிபடுவது இங்கேதான். அளவைச் சட்டென்று ஏற்றினால் நீர் பால்போல் கலங்கும், பாக்டீரியாக்கள் இரவில் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், விடிகாலையில் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து மூச்சுத் திணறும். நல்ல ஸ்கிம்மர் இல்லாத தொட்டியில் இதை ஆரம்பிக்கவே கூடாது.

இந்த முறையில் நைட்ரேட் சீக்கிரம் இறங்கும், பாஸ்பேட் பின்தங்கும். கடலியலாளர் ஆல்ஃப்ரெட் ரெட்ஃபீல்ட் கடல் மிதவையுயிர்களின் உடலில் நைட்ரஜனும் பாஸ்பரசும் சுமார் 16க்கு 1 என்ற அணு விகிதத்தில் இருப்பதைக் கவனித்தார். நைட்ரேட், பாஸ்பேட் எடைக்கு மாற்றினால் ஏறக்குறைய 10க்கு 1. பாக்டீரியாவின் விகிதம் அச்சாக இதுவே இல்லை, ஆனாலும் அவையும் இரண்டையும் சேர்த்தே கேட்கும். நைட்ரேட் தீர்ந்துவிட்டால் பாஸ்பேட் எவ்வளவு இருந்தாலும் பெருக்கம் நின்றுபோகும். அந்தக் கட்டத்தில் பாஸ்பேட்டைக் குறைக்கக் கொஞ்சம் சோடியம் நைட்ரேட் சேர்க்கவேண்டியிருக்கும். சத்தைக் குறைக்கச் சத்தைச் சேர்ப்பதா என்று நானும் முதலில் சிரித்தேன்.

கடைசி ஆயுதம் ரசாயனம். ஜிஎஃப்ஓ எனப்படும் துருநிற இரும்பு ஆக்சைடு மணிகள் பாஸ்பேட்டைத் தம் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். லாந்தனம் குளோரைடு கரைசல் நீச்சல்குளப் பராமரிப்பிலிருந்து வந்தது. அது பாஸ்பேட்டோடு சேர்ந்து பொடியாகப் படியும். அந்தப் பொடி மிக நுண்ணியது என்பதால் 5, 10 மைக்ரான் சாக்கில் பிடிக்கவேண்டும். மீன்களின் செவுளில் படவிட்டால் வினை.

இவ்வளவு ஆயுதங்கள் கையில் இருக்கும்போது மனுஷனுக்கு வரும் ஆசை, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோவது. நானும் அந்த ஆசைக்குப் பலியானவன்தான். 300 லிட்டர் தொட்டி, பாஸ்பேட் 0.45. ஒரு ரியாக்டர் (நீர் ஊடாக ஓடும் குடுவை) நிறைய ஜிஎஃப்ஓவைக் கொட்டி ஓடவிட்டேன். ஐந்தாம் நாள் 0.03. கைதட்டாத குறை. எட்டாம் நாள் காலையில் பெரிய அக்ரோபோராவின் அடியில் விரல்நக அகலத்துக்கு வெள்ளை தெரிந்தது. மாலைக்குள் தோல் உரிந்ததுபோல் சதை மேல்நோக்கிக் கழன்றுகொண்டே போனது. மூன்று நாளில் எலும்புக்கூடு. காரத்தன்மை அப்போது 10 டிகேஹெச்சுக்கு (காரத்தன்மையின் அலகு) மேல். நீரில் சத்து குறைவாகவும் காரத்தன்மை அதிகமாகவும் இருக்கும்போது பவளத்தின் நுனிகள் வெந்ததுபோல் ஆகும் என்பது பலரும் சொல்லும் அனுபவம். நான் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்திருந்தேன்.

பவளத் திட்டுகள் சத்தற்ற நீரில் செழிப்பதை 'டார்வினின் புதிர்' என்றே சொல்கிறார்கள். பாலைவனம்போன்ற நீரில் இத்தனை உயிர் எப்படி? 2013இல் வந்த ஓர் ஆய்வு, பவளங்கள் கசியவிடும் கரிமத்தைக் கடற்பஞ்சுகள் உறிஞ்சி, மற்ற உயிர்கள் தின்னக்கூடிய துகள்களாகத் திருப்பித் தருவதைக் காட்டியது. கடலில் கரைந்த சத்து குறைவு, ஆனால் நீரோட்டம் கணந்தோறும் மிதவையுயிர்களைக் கொண்டுவந்து வாயில் ஊட்டுகிறது. தொட்டியில் அந்த ஊட்டல் இல்லை. கடலின் எண்ணை மட்டும் நகலெடுத்தால் பவளம் பட்டினி கிடக்கும். பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் இரண்டும் வேண்டும். மிதமிஞ்சினால் அவை பெருகிப் பவளத்தின் சொந்த நிறத்தை மறைத்துப் பழுப்பாக்கும். தொட்டியில் நாம் பார்க்கும் மரப்பட்டை நிறம் அதுதான். ஒன்று மட்டும் தீர்ந்தால் இன்னும் ஆபத்து. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் யோர்க் வீடன்மான் குழு 2013இல் காட்டியதும் இதுவே: நைட்ரஜன் மிகுந்து பாஸ்பேட் பற்றாமல் போனால், வெப்பமும் வெளிச்சமும் கூடும்போது பவளங்கள் எளிதில் வெளுத்துவிடுகின்றன.

இரண்டும் பூஜ்யமான தொட்டியில் காத்திருக்கும் இன்னொரு விருந்தாளி டைனோஃப்ளாஜெல்லேட் என்ற ஒற்றைச்செல் நுண்ணுயிர். மணல் மேல் பழுப்புச் சளிபோல் படர்ந்து, குமிழிகளைக் கோத்துக்கொண்டு, பகலில் தழைத்து இரவில் மெலியும். போட்டிக்கு வரும் பாசியும் பாக்டீரியாவும் பட்டினியில் செத்தபின் இடம் அதற்குத்தான். அதை விரட்ட நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் விலைக்கு வாங்கி ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்ற வரம்பு இப்போது பலரும் ஒப்புக்கொள்வது. நான் அதைக்கூட இறுக்கிப் பிடிப்பதில்லை. பவளம் நிறத்தோடு வளர்ந்துகொண்டிருந்தால் நைட்ரேட் 15 என்பதற்காக எதையும் தொடமாட்டேன்.

அளப்பதிலேயே கோட்டை விடுவதும் நடக்கும். சில கிட்கள் நைட்ரேட்டை நைட்ரஜனாகக் காட்டும், அதை 4.4ஆல் பெருக்கவேண்டும். பாஸ்பரஸ் காட்டும் கருவியின் எண்ணை 3.07ஆல் பெருக்கினால்தான் பாஸ்பேட். நைட்ரைட் கொஞ்சம் இருந்தாலே சில நைட்ரேட் கிட்கள் தாறுமாறாக ஏற்றிக்காட்டும். பச்சைப்பாசி கம்பளம் விரித்திருக்கும் தொட்டியில் நைட்ரேட் பூஜ்யம் காட்டினால் சந்தோஷப்படவும் வேண்டாம். வந்ததை வந்தவுடன் பாசி தின்றுவிடுகிறது, கையிருப்பு இல்லை, வரவு கொள்ளை.

இரண்டாம் முறை நான் அவசரப்படவில்லை. காரத்தன்மையை 8க்கு இறக்கினேன். முன்பு போட்டதில் நாலில் ஒரு பங்கு ஜிஎஃப்ஓ, கீட்டோவுக்கு இரவு முழுக்க விளக்கு, வாரம் ஒரு கைப்பிடி அறுவடை, மணலில் ஒவ்வொரு வாரமும் ஒரு ஓரம் மட்டும் உறிஞ்சல். அளவு வாரத்துக்கு 0.03க்கு மேல் இறங்கினால் ரியாக்டரின் ஓட்டத்தைக் குறைத்தேன். இரண்டாம் மாதம் 0.21இல் ஜிஎஃப்ஓவை எடுத்துப் பார்த்தேன்; பத்தே நாளில் 0.34. கல் இன்னும் கொடுத்துக்கொண்டிருந்தது. மறுபடி போட்டேன். ஆறாம் மாதம் 0.08இல் மறுபடி எடுத்தேன். பத்து நாள் கழித்து 0.09, இருபதாம் நாளும் 0.09. பழைய பாக்கி அடைந்துவிட்டது. அதன்பின் ரியாக்டரைக் கழற்றிக் கழுவி அலமாரியில் வைத்துவிட்டேன். கண்ணாடியை இப்போது நாலைந்து நாளுக்கு ஒருமுறை தேய்க்கிறேன்.